நாள்வழியும் பேரேடும்: ஒரு மொன்றியல் தாதியின் போர்க்கால நாட்குறிப்பு

பழைய கடைக் கணக்கில் இரண்டு ஏடுகள் உண்டு. அன்றன்று நடந்த வரவு செலவு, நடந்த வரிசையிலேயே நாள்வழியில் ஏறும். பிறகு கணக்கப்பிள்ளை ஓய்வாக உட்கார்ந்து அவற்றை இனம் பிரித்து, உரிய தலைப்பின் கீழ் பேரேட்டில் பதிவார். கடை எப்படி நடக்கிறது என்று முதலாளிக்குச் சொல்வது பேரேடுதான். ஆனால் சந்தேகம் வந்தால் புரட்டிப் பார்ப்பது நாள்வழியை. பேரேட்டில் தலைப்பு இல்லாத செலவு எங்கே போயிற்று என்பதும் அங்கேதான் தெரியும். போர்க்காலத்தில் ஒரு பெண் எழுதிய நாட்குறிப்பு வரலாற்றுக்கு என்ன தருகிறது என்ற கேள்விக்கு இந்தக் கணக்கு முறையிலிருந்தே விடை தேடலாம் என்று நினைக்கிறேன். அப்படிப்பட்ட நாட்குறிப்பை ‘வரலாற்றின் சாளரம்’ என்று அழைப்பது வழக்கமாகிவிட்டது. சாளரம் என்றவுடன், எழுதிய பெண்ணை மறந்துவிட்டு அவள் தோளுக்கு மேலாகப் போர்க்களத்தை எட்டிப் பார்க்கத் தொடங்கிவிடுகிறோம். போர்க்களத்தைப் பற்றி அவள் அதிகம் எழுதவில்லை என்று தெரிந்ததும் ஏமாற்றம். அந்த ஏமாற்றம் நாம் ஏட்டின் வகையைப் புரிந்துகொள்ளாததால் வருவது. மொன்றியலோடு பிணைந்த ஒரு நாட்குறிப்பை வைத்து இதை விளக்கலாம்.

கிளேர் காஸ் 1887இல் நோவா ஸ்கோஷியா மாகாணத்தின் ஷூபனக்கடி என்ற ஊரில் பிறந்தவர். மொன்றியல் பொது மருத்துவமனையின் தாதியர் பள்ளியில் பயின்று 1912இல் தேறினார். போர் மூண்டபின் மக்கில் பல்கலைக்கழகத்தின் மருத்துவப் பீடம் தன் மருத்துவர்களையும் மாணவர்களையும் கொண்டே ஒரு படை மருத்துவமனையைத் திரட்டியது. ‘மூன்றாம் இலக்கக் கனடியப் பொது மருத்துவமனை (மக்கில்)’ என்பது அதன் பெயர். பீடத்தலைவர் ஹெர்பர்ட் பர்கெட் அதற்குத் தலைமை ஏற்றார். 1915 மே மாதம் மொன்றியலிலிருந்து கப்பலேறிய அந்த அணியில் காஸும் ஒருவர். 1915 முதல் 1918 வரை அவர் எழுதிவந்த நாட்குறிப்பை வரலாற்றாசிரியர் சூசன் மான் பதிப்பித்தார். மக்கில்-குவீன்ஸ் பல்கலைக்கழகப் பதிப்பகம் 2000ஆம் ஆண்டில் அதை வெளியிட்டது. காஸ் இறந்தது 1968இல். ஆக, அவர் மறைந்து 32 ஆண்டுகளுக்குப் பிறகே அந்தப் பக்கங்கள் அச்சைக் கண்டன.

தமிழ் வாசகருக்கு முதல் உலகப் போர் என்றால் 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்த் தாங்கிகளைச் சுட்டு எரித்த ஜெர்மன் கப்பலும், அது நம் மொழிக்கு விட்டுச்சென்ற ‘எம்டன்’ என்ற சொல்லும்தான் நினைவுக்கு வரும். அந்தப் போரில் இந்தியாவின் இன்னொரு தடமும் உண்டு: பிரான்சின் வடகரையில் மக்கில் மருத்துவமனை முதலில் இயங்கியது இந்தியக் கூடாரங்களில். போபால் பேகம் அன்பளிப்பாக அனுப்பிய தர்பார் கூடாரங்கள் அவை. அரச வைபவங்களுக்கென்று செய்யப்பட்ட துணி மாளிகைகளுக்குள் காமியே என்ற இடத்தில் காயம்பட்டவர்களைக் கிடத்தினார்கள். ஆங்கிலக் கால்வாயின் காற்றும் மழையும் உறைபனியும் அந்தத் துணிக்குப் பழக்கமில்லாதவை. 1916 தொடக்கத்தில் மருத்துவமனை பூலோன் நகரில் இருந்த பழைய இயேசு சபைக் கல்லூரிக்கு இடம்பெயர்ந்தது. அங்கே 1,560 கட்டில்கள், 26 ஏக்கர் நிலம். பேரேட்டுப் பார்வையில் ‘இட மாற்றம்’ என்ற ஒரே வரியில் அடங்கிவிடும் செய்தி இது. நனைந்த கூடாரத்துக்குள் மாதக்கணக்கில் கட்டில் விரிப்பையும் காயத்துணியையும் உலர வைக்க வேண்டியிருந்தவர்களுக்கு அது ஒவ்வொரு நாளின் வேலை.

காஸின் நாட்குறிப்பு இன்று எதற்காகப் பெயர்பெற்றிருக்கிறது என்று பார்த்தால், நான் சொல்லவரும் சிக்கல் அதிலேயே தெரிகிறது. மருத்துவரும் கவிஞருமான ஜான் மெக்ரே அதே மருத்துவமனையில் பணியாற்றினார். நண்பர் அலெக்சிஸ் ஹெல்மரின் மரணத்தை ஒட்டி 1915 மே மாத ஆரம்பத்தில் அவர் எழுதிய ‘ஃபிளாண்டர்ஸ் வயல்களில்’ என்ற கவிதை, ‘பஞ்ச்’ இதழில் அச்சானது 1915 டிசம்பர் 8ஆம் தேதி. காஸ் அந்தக் கவிதையைத் தன் நாட்குறிப்பில் எழுதிவைத்த நாள் அக்டோபர் 30. அச்சுக்கு ஏறத்தாழ ஆறு வாரம் முந்தி. இது அருமையான சான்று என்பதில் ஐயமில்லை. கவிதை கையெழுத்தில் சக ஊழியர்களிடையே உலவியதை இது காட்டுகிறது. கவிஞர் கசக்கி எறிந்த தாளை யாரோ எடுத்துக் காப்பாற்றினார் என்ற பிரபலமான கதையைச் சற்று எச்சரிக்கையோடு கேட்கவும் வைக்கிறது. ஆனால் நாட்குறிப்பின் பெருமை இந்த ஒரு பக்கத்தோடு முடிந்துபோவதைக் கவனிக்க வேண்டும். மூன்றாண்டுக்கு மேல் ஒரு பெண் எழுதிய ஏட்டில் நமக்குப் பயன்பட்டது ஓர் ஆண் எழுதிய பதினைந்து வரிகள். சாளரம் என்ற உவமை செய்யும் வேலை இதுதான். கண்ணாடியில் யார் நிழல் விழுகிறதோ அவரைப் பார்க்கிறோம், கண்ணாடியைத் துடைத்துவைத்த கை நம் கண்ணில் படுவதில்லை.

சரி, மற்றப் பக்கங்களில் என்ன இருக்கிறது? சிறு சிறு குறிப்புகள். கிராமப்புறத்தில் உலாவியது, பூக்கள், தேநீர், வந்துபோனவர்கள், வானிலை. நடுநடுவே திடீரென்று ஒரு வார்டு. 1915 ஜூன் மாதத்துக் குறிப்பு ஒன்றில், முகத்தின் ஒரு பகுதியையும் இரு கைகளையும் இழந்து, கால்களிலும் பெருங்காயங்களோடு கிடக்கும் இளைஞன் ஒருவனைச் சில வரிகளில் சொல்லி, இவனுக்குச் சாவே இரக்கமாக இருக்கும் என்ற பொருளில் முடிக்கிறார். மறுநாள் வாழ்க்கை வழக்கம்போல. இந்த ஏற்றத்தாழ்வு இலக்கிய வாசகரைத் துணுக்குறச் செய்யும். இதயம் உள்ள ஒருத்தி எப்படி அடுத்த பக்கத்தில் காட்டுப்பூவைப் பற்றி எழுதுவாள் என்று கேட்கத் தோன்றும். கேள்வியைத் திருப்பிப் போட்டால் விடை கிடைக்கும். கனடியப் படை மருத்துவத் துறை பயிற்சி முடித்த தாதிகளையே எடுத்தது. பிரிட்டனிலிருந்து பெருமளவில் வந்த தன்னார்வ உதவியாளர்களைப் போன்றவர்கள் அல்லர் இவர்கள். மொன்றியல் பொது மருத்துவமனையின் தாதியர் பள்ளி நோரா லிவிங்ஸ்டன் என்ற கண்டிப்பான கண்காணிப்பாளரின் கீழ் 1890 முதல் வளர்ந்தது. நோயாளியின் நிலையைச் சுருக்கமாக, உணர்ச்சி கலக்காமல், நேரம் குறித்து எழுத வேண்டும் என்பது அந்தத் தொழிலின் பழக்கம். நாள் முழுதும் நோயாளிக் குறிப்பேடு எழுதிய கை, இரவில் தன் நாட்குறிப்பையும் அதே நடையில்தான் எழுதியிருக்கும் என்பது என் ஊகம். அப்படியானால் சுருக்கம் என்பது உணர்ச்சி வறட்சி ஆகாது. அது தொழிலின் முத்திரை. பூக்களும் தேநீரும் வார்டிலிருந்து வெளியே வந்து மூச்சு விட்ட நேரங்களின் பதிவு. வேலை எவ்வளவு கனமாக இருந்தது என்பதை அந்த ஓய்வுகளைக் கொண்டே அளக்கலாம்.

இனி பேரேட்டைத் திறப்போம். கனடியப் படையின் மருத்துவப் பணிகள் பற்றிய அதிகாரபூர்வ வரலாறு 1925இல் வெளியானது. எழுதியவர் ஆண்ட்ரூ மக்பெயில். மக்கிலின் மருத்துவ வரலாற்றுப் பேராசிரியர், மெக்ரேயின் கவிதைகளைத் தொகுத்து வெளியிட்ட நண்பர், பெண்களுக்கு வாக்குரிமை கூடாது என்று எழுதிவந்தவர். தாதிகளாகப் பணியாற்றிய பெண்கள் 2,800க்கு மேல், அவர்களில் ஏறத்தாழ 2,500 பேர் கடல் கடந்தவர்கள். ‘லெப்டினன்ட்’ தரநிலையும் அவர்களுக்கு இருந்தது. பிரிட்டிஷ் தாதிகளுக்குக் கிடைக்காத தகுதி அது. 1918 ஜூன் 27ஆம் தேதி ‘லாண்டவரி காசில்’ என்ற மருத்துவக் கப்பல் மூழ்கடிக்கப்பட்டபோது அதிலிருந்த 14 தாதிகளும் மாண்டார்கள். இருந்தும் மக்பெயிலின் தடித்த நூலில் தாதிகளுக்குக் கிடைத்த இடம் மிகச் சிறியது. தாதியர் படையின் தலைவியாக இருந்த மார்கரெட் மக்டொனால்ட் தாங்களே ஒரு வரலாறு எழுத வேண்டுமென்று பொருள் திரட்டினார். அந்த நூல் வெளிவரவேயில்லை. மக்பெயில் வேண்டுமென்றே மறைத்தார் என்று குற்றம் சாட்டுவது சுலபம். அவருடைய கருத்துகள் அதற்கு இடமும் தருகின்றன. எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது தலைப்புகளின் பிரச்சினை. அறுவை, தொற்று நோய், போக்குவரத்து, நிர்வாகம் என்று பேரேட்டில் தலைப்புகள் இருந்தன. காயத்துணி மாற்றுவது, ஊட்டிவிடுவது, சாகும் பையனின் தாய்க்குக் கடிதம் எழுதுவது ஆகியவற்றுக்குத் தலைப்பே இல்லை. தலைப்பில்லாத செலவைக் கணக்கப்பிள்ளை எங்கே பதிவார்?

இங்கே ஒரு வலுவான மறுப்பு எழும். ஒருத்தியின் ஏட்டை வைத்து 2,800 பேரைப் பற்றிப் பேசலாமா? காஸ் ஆங்கிலம் பேசியவர், புரொட்டஸ்தாந்து சமயத்தவர், படித்தவர். மொன்றியலின் பெரும்பான்மையோ பிரெஞ்சு மொழி பேசும் கத்தோலிக்கர். போர் அந்த நகரை இரண்டாகப் பிளந்தது. 1917 கோடையில் கட்டாய ஆள்சேர்ப்புக்கு எதிராக மொன்றியல் தெருக்களில் கலவரம் நடந்தது. அதே ஆண்டு, படையில் இருந்த தாதிகளுக்கும் படைவீரரின் நெருங்கிய உறவுப் பெண்களுக்கும் பிரதமர் போர்டனின் அரசு வாக்குரிமை கொடுத்தது. கனடாவின் கூட்டாட்சித் தேர்தலில் முதன்முதலாக வாக்களித்த பெண்கள் அவர்கள்தாம். பெண்மீது கொண்ட மதிப்பு மட்டும் இதற்குக் காரணமல்ல. கட்டாய ஆள்சேர்ப்பை ஆதரிக்கக்கூடிய வாக்குகளைப் பெருக்கும் கணக்கும் இருந்தது. கியூபெக் மாகாணத் தேர்தலில் பெண்கள் வாக்குரிமை பெற 1940வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஆகவே காஸின் நாட்குறிப்பு நகரின் ஒரு பாதிக்குள்ளிருந்து எழுதப்பட்டது என்பதை மறுக்க முடியாது. ஆனால் ஒரு கடையின் நாள்வழியை வைத்து ஊர்ச் சந்தை முழுவதற்கும் விலை சொல்ல யாரும் முயல்வதில்லை. அந்தக் கடையில் என்ன விலைக்கு என்ன விற்றது என்று ஐயமின்றிச் சொல்லலாம். மாதிரி எண்ணிக்கை தேவைப்படும் கேள்விகள் உண்டு. ஒரு வேலை எப்படி நடந்தது என்பது அந்த வகைக் கேள்வி அல்ல. ஒருத்தி கவனமாக எழுதியிருந்தாலே அதற்குப் போதும். மறுபாதியின் ஏடுகளைத் தேடாமல் இருப்பதற்கு இதைச் சாக்காகக் கொள்ளவும் கூடாது.

இரண்டாம் மறுப்பு இன்னும் கூர்மையானது. நாட்குறிப்பும் புனைவுதானே, பிறகு திருத்தி எழுதப்படுவதுதானே என்பார்கள். உண்மை. அமெரிக்க உள்நாட்டுப் போரைப் பற்றிய மேரி செஸ்நட்டின் புகழ்பெற்ற ‘நாட்குறிப்பு’ பெரும்பகுதி 1880களில் அவர் திரும்ப எழுதியது. ஆன் ஃபிராங்க், 1944 மார்ச்சில் வானொலி வழியாக ஓர் அமைச்சர் விடுத்த அழைப்பைக் கேட்டபின், வெளியீட்டை மனத்தில் வைத்துத் தன் குறிப்புகளைத் திருத்தி எழுதத் தொடங்கினார். நேதாஜியின் ஜான்சி ராணிப் படையில் சேர்ந்த ஆஷா சகாய் என்ற பதின்வயதுப் பெண் ஜப்பானிய மொழியில் எழுதியதைப் பின்னாளில் தானே இந்தியில் ஆக்கினார். ஆங்கிலத்துக்கு அது வந்தது 2022இல். ஒவ்வொரு மொழிபெயர்ப்பும் ஒரு மறுபதிவு. இவற்றைக் காட்டி, நாள்வழி என்று ஒன்றே கிடையாது, எல்லாம் பேரேடே என்று வாதிடலாம். ஆனால் திருத்தம் நடந்தது என்பதை நமக்குக் காட்டிக்கொடுப்பது எது? திருத்தத்துக்கு முந்திய ஏடுகள்தானே? செஸ்நட் எழுதிய பழைய குறிப்புகளும் புதிய வடிவமும் ஒப்பிடப்பட்டதால்தான், தோல்விக்குப் பிறகு அவர் எதைச் சேர்த்தார், எதை நீக்கினார் என்பது தெரியவந்தது. வேரா பிரிட்டன் இன்னும் தெளிவான உதாரணம். அவரும் போரில் தாதி வேலை பார்த்தவர். 1933இல் அவர் எழுதிய தன்வரலாறு போரின் வீண்தன்மையைப் பற்றிய நூல். 1981இல் வெளியான அவருடைய போர்க்கால நாட்குறிப்பிலோ, 1914ஆம் ஆண்டின் இளம்பெண் போரின் மேன்மையை நம்புகிறாள். இரண்டில் எது பொய்? இரண்டும் பொய்யல்ல. முடிவு தெரிந்து எழுதியது ஒன்று, முடிவு தெரியாமல் எழுதியது மற்றது. 1914இல் இலட்சக்கணக்கானோர் ஏன் மனமுவந்து போனார்கள் என்று கேட்பவருக்கு இரண்டாவதுதான் விடை சொல்லும்.

ஈழப் போரைப் பற்றிய நம் எழுத்துகளிலும் இதே வேறுபாடு இருக்கிறது. போராளியாக இருந்த தமிழினியின் நினைவுக் குறிப்பு ‘ஒரு கூர்வாளின் நிழலில்’ அவர் மறைவுக்குப் பின் 2016இல் வெளிவந்தபோது, அதில் உள்ளவை எல்லாம் அவர் எழுத்துத்தானா, பிறர் கை பட்டதா என்ற சர்ச்சை கிளம்பியது. நூலின் அரசியலை ஆதரித்தவர்களும் எதிர்த்தவர்களும் அந்தக் கேள்வியைத் தத்தம் வசதிக்கேற்பக் கையாண்டார்கள். நான் அந்த வழக்கில் தீர்ப்புச் சொல்ல வரவில்லை. நினைவுக் குறிப்பு என்பது பேரேடு. போர் முடிந்தபின், தோற்றபின், சிறையிலிருந்து மீண்டபின் இனம் பிரித்துப் பதிந்தது. அதைச் சரிபார்க்க அதே காலத்து நாள்வழி தேவை. அது கைக்கு எட்டாத நிலையில் எஞ்சுவது ஆளுக்கொரு நம்பிக்கை. போராளிப் பெண்களைப் பற்றி மட்டும் அல்ல, பதுங்குகுழியில் அரிசி வேகவைத்தவர்களைப் பற்றிப் பேசும்போதும் இந்தக் குறைதான் முன்னால் வந்து நிற்கிறது.

நாள்வழி எழுதுவது தமிழருக்குப் புதிதல்ல. 1736 முதல் 1761 வரை புதுச்சேரியில் ஆனந்தரங்கப் பிள்ளை எழுதியது உலகத் தரத்து நாட்குறிப்பு. வணிகரும் துபாஷுமான அவருக்கு நாள்வழி எழுதுவது தொழிற்பழக்கம். 1748இல் ஆங்கிலேயர் புதுச்சேரியை முற்றுகையிட்டதை அவர் நாள்தோறும் பதிந்தார். அந்தப் பக்கங்களில் ஒரு பெண்ணும் வருகிறாள்: ஆளுநர் டூப்ளேயின் மனைவி ழான். புதுச்சேரியிலேயே பிறந்தவள், தமிழ் தெரிந்தவள், உளவு வலை வைத்திருந்தவள். வேதபுரீசுவரர் கோயில் இடிப்பில் அவளுக்குப் பங்கு உண்டு என்று எழுதும் பிள்ளை, அவளை வெறுப்போடுதான் காட்டுகிறார். வெறுப்புக்கு நியாயம் இருந்திருக்கலாம். ஆனால் அவள் கணக்கு நம்மிடம் இல்லை, பிள்ளையின் கணக்கு இருக்கிறது. அதே ஆங்கிலேய-பிரெஞ்சுப் போரின் மறுமுனையில், 1748 நவம்பரில், மொன்றியலில் எலிசபெத் பெகோன் என்ற விதவை, தொலைவில் லூசியானாவில் அதிகாரியாக இருந்த மருமகனுக்கு நாள்தோறும் எழுதத் தொடங்கினாள். அந்த ஆண்டின் உடன்படிக்கைப்படி ஆங்கிலேயருக்குச் சென்னை திரும்பியது, பிரெஞ்சுக்காரருக்குக் கனடாவின் லூயிபூர் கோட்டை திரும்பியது. புதுச்சேரியில் ஒரு தமிழரும் மொன்றியலில் ஒரு பிரெஞ்சுப் பெண்ணும், ஒருவரை ஒருவர் அறியாமல், ஒரே கணக்கின் இரு பக்கங்களை எழுதிக்கொண்டிருந்தார்கள்.

பெகோன் எழுதியவை 1932இல் பிரான்சில் கண்டெடுக்கப்பட்டன. நடன விருந்துகள், அவற்றைக் கண்டித்த பாதிரியார்கள், மதுவில் தள்ளாடிய அதிகாரிகள், யார் யாரை மணக்கப்போகிறார்கள் என்ற பேச்சு. ஊர்வம்பு என்று ஒதுக்கிவிடத் தோன்றும் செய்திகள்தான். ஆனால் அன்றைய பிரெஞ்சுக் கனடாவின் தலைமை நிர்வாகி பிகோ 1749 குளிர்காலத்தில் மொன்றியல் வந்து ஆடிய ஆட்டத்தை அவள் விருந்து விருந்தாகப் பதிந்திருக்கிறாள். பின்னாளில் பிகோ ஊழலுக்காகப் பாரிசில் தண்டிக்கப்பட்டவன். வழக்கு ஆவணங்கள் தொகைகளைச் சொல்கின்றன. அந்த ஊழலை ஒரு சமூகம் எப்படி நடனமாடிக்கொண்டே ஏற்றுக்கொண்டது என்பதைப் பெகோனின் வம்பு சொல்கிறது. 1749இல் அவள் பிரான்சுக்குப் போனபோது அங்கிருந்த உறவினர் அவளை ‘இரோக்வா’ என்று, பூர்வகுடிப் பெண் என்ற ஏளனத்தில், அழைத்தார்களாம். தாய்நாடு என்று நம்பிய இடத்தில் அந்நியப்பட்டது பற்றிய மிகப் பழைய கனடியச் சாட்சியங்களில் ஒன்று இது. எந்த அரசு ஆவணமும் இதற்குத் தலைப்பு வைத்திருக்கவில்லை.

மூன்றாவதாக ஒரு மறுப்பு உண்டு. அதை நான் முழுமையாக வெல்ல முடியாது. எழுதத் தெரிந்தவர், எழுத நேரம் கிடைத்தவர், ஏட்டைக் காத்துவைக்க வீடு இருந்தவர் ஆகியோரின் நாள்வழிகள்தான் நமக்கு எஞ்சுகின்றன. காஸுக்குப் போருக்குப் பின் மொன்றியல் மருத்துவமனையில் சமூகப்பணியாளராக நீண்ட வாழ்க்கை கிடைத்தது, ஏடு தப்பியது. இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து ஓடுபவளின் பையில் முதலில் கழிவது கடதாசி. மொன்றியலின் கொன்கோர்டியா பல்கலைக்கழகம், போராலும் இனப்படுகொலையாலும் பெயர்ந்து இங்கு வந்த மொன்றியல் வாசிகளின் வாய்மொழி வரலாற்றை 2007 முதல் சில ஆண்டுகள் பெருமுயற்சியாகத் தொகுத்தது. எழுதாதவர்களுக்கு அது ஒரு வழி. ஆனாலும் வாய்மொழி, முடிவு தெரிந்தபின் சொல்லப்படுவது. மொன்றியல் யூதப் படுகொலை அருங்காட்சியகத்தில், ஆஷ்விட்ஸ் முகாமின் ஆயுதத் தொழிற்சாலையில் அடிமை வேலை செய்த பெண்கள் தோழி ஒருத்தியின் 20ஆம் பிறந்தநாளுக்குச் செய்துகொடுத்த இதய வடிவச் சிற்றேடு இருக்கிறது. நாள் 1944 டிசம்பர் 12. உள்ளே இருப்பவை வாழ்த்துகள் மட்டுமே. நாட்குறிப்பு என்று அதைச் சொல்ல முடியாது. அந்த நாளில், அந்த இடத்தில், அவர்கள் எதிர்காலத்தை ஒருத்திக்கு வாழ்த்தினார்கள் என்பதற்கு அதைவிட உறுதியான சான்றும் வேறில்லை.

நாட்குறிப்பு இல்லாத சமூகத்தில் நாள் குறித்த எதுவும் நாள்வழியின் வேலையைச் செய்யும் என்றுதான் இது காட்டுகிறது. மொன்றியலின் பார்க் எக்ஸ்டென்ஷனிலும் கோட்-டே-நேஜிலும் உள்ள ஈழத்தமிழ் வீடுகளில், எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் தாய்மாரும் அக்காமாரும் எழுதி அனுப்பிய வான்மடல்கள் இன்னும் இருக்கக்கூடும்: பாணின் விலை, மண்ணெண்ணெய் கிடைக்காத வாரம், எந்தப் பாதை மூடப்பட்டது, யார் வீட்டில் யார் இருக்கிறார்கள். கடிதம் எழுதியவர் தேதி போட மறந்திருக்கலாம். வான்மடலில் உறையும் கடிதமும் ஒரே தாள் என்பதால், அஞ்சல் முத்திரை அதிலேயே இருக்கும். உறையில் வந்த கடிதங்களுக்கு அந்த வசதி இல்லை. முத்திரை உறையோடு போய்விடும்.